தேங்காய்ப்பட்டணத்துக்குக் கொண்டுபோன தேங்காய்

எங்கள் சபையில் யாராவது பயணம் போய்விட்டு வந்தால் சபைப் பத்திரிகையில் கட்டுரை எழுதுவார்கள். எருசலேம் போனவர் ஒட்டகத்தில் ஏறியதை எழுதினார். சிங்கப்பூரில் மகளைப் பார்க்கப் போனவர், வெற்றிலை போட்டுத் துப்ப இடமில்லாமல் மூன்று வாரம் தவித்ததை எழுதினார். நான் போனது தேங்காய்ப்பட்டணம். புதுக்கடையில் பஸ் ஏறி, மிச்சச் சில்லறைக்கு கண்டக்டரிடம் சண்டையைத் தொடங்குவதற்குள் வந்துவிடும் ஊர். ஆனால் ஒட்டகத்தில் ஏறியவருக்கு உயிரோடு இறங்குவோமா என்ற சந்தேகம் வரவில்லை. எனக்கு வந்தது. அதனால் எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பை வெளியில் நின்று பார்த்தவன். பிழை இருந்தால் திட்டலாம். வாத்தியார்கள் திட்டியதைவிடப் புதிதாக எதுவும் உங்களிடம் இருக்காது.

புதுக்கடை சந்தையில் எனக்கு வாழைக்குலைக் கடை. மனைவி புஷ்பம். அவள் தம்பி ஜெபின், மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். இந்த முறை லீவுக்கு வரும்போது, கப்பல் கார்கோவில் ஒரு கயாக்கை அனுப்பியிருந்தான். பிளாஸ்டிக் வள்ளம். இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டே தூண்டில் போடலாமாம். மஞ்சள் நிறத்தில், இரண்டு முனையும் வளைந்து, எங்கள் முற்றத்தில் அது கிடந்ததைப் பார்த்தபோது இவ்வளவு பெரிய ஏத்தன் வாழைப்பழத்தை எந்தச் சந்தையில் விற்பது என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அத்தான், சனிக்கிழம நாம ரெண்டுபேரும் போறோம். தேங்காப்பட்டணம் பொழியில. உங்களுக்குத்தான் அந்த இடம் அத்துபடியாச்சே" என்றான்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். அவர் வீடு குளத்துக் கரையில். "எங்க வீட்டுப் பிள்ளைங்க நடக்குக முந்தி நீந்தும். மாப்பிளைக்கு எப்பிடி?" என்றார். எனக்கு வாளியில் மொண்டு தலையில் ஊற்றத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கதவிடுக்கில் புஷ்பத்தின் ஒரு கண் தெரிந்தது. "தேங்காப்பட்டணத்துல ஆறு கடல்ல சேருகில்லா, அந்தப் பொழிய இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு நீந்தியிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணமும் நடந்தது. பொய் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் யாராவது கேட்பார்கள், நானும் சொல்வேன். சொல்லச் சொல்ல பொழி அகலமானது. ஐந்தாம் வருஷம் எதிர்நீச்சல் சேர்ந்தது. பத்தாம் வருஷம் தலையில் ஒரு குலையும் ஏறியது. நாகர்கோவில் போர்டிங்கில் படித்துக்கொண்டிருந்த ஜெபின், லீவுக்கு வரும்போதெல்லாம் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போதே முடிவு செய்திருந்தேன். திரும்பி வந்ததும் முதுகுவலி என்று படுத்துவிடுவது. ஆனால் அறிக்கை வாசிக்கும் நேரத்தில் சபைச் செயலாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்: "ஜெபக்குறிப்பு. நம்முடைய சகோதரர் கிறிஸ்துதாசும் அவருடைய மைத்துனர் ஜெபினும் வருகிற சனிக்கிழமை கடல் பயணம் மேற்கொள்கிறார்கள். பயணம் ஜெயமாக முடிய ஜெபித்துக்கொள்ளவும்."

கல்ஃப் போகிறவர்களுக்கு வாசிப்பது இது. சீட்டு எழுதிக் கொடுத்தது புஷ்பம். எங்கள் ஊரில் ஜெபக்குறிப்பில் பேர் வந்துவிட்டால் விமானம் ரத்தானாலும் ஆள் போயாக வேண்டும். போகாவிட்டால், சபை முழுவதும் முழங்காலில் நின்றும் நகராத மனுஷன் என்று பேர் வரும்.

வாசலில் ஆட்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் பாத்திரத்தோடு நின்றாள். "தாசா, நல்ல பெரிய மீனாப் பாத்துப் போடு மக்கா. சின்னது எங்க வீட்டுல ஆரும் திங்கமாட்டாவ." அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டில் ஏழு பாத்திரம் சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை சாமான் லிஸ்ட். ஜெபின் செல்போனைப் பார்த்து வாசித்தான். "அத்தியாவசியம் மட்டும்தான் அத்தான். மூணு ராடு. ரீல். பிளாஸ்டிக் மீனு ஒரு பெட்டி."

"மீன் பிடிக்கப் போறதுக்கு மீன் கொண்டு போணுமா?"

"அது இரை அத்தான். அப்புறம் வெள்ளத்துக்கு அடியில மீன் நிக்கிற இடத்தக் காட்டுக மிஷின். குறடு, கைவலை, நங்கூரம், கேமரா, தண்ணி கேறாத பை. மஸ்கட்ல எல்லாரும் இப்பிடித்தான் போவாவ."

நான் என் லிஸ்டைச் சொன்னேன். பிளாஸ்கில் கட்டன் சாயா. அவித்த மரச்சீனிக் கிழங்கு. தேங்காய் அரைத்து வைத்த சாளைக் கறி. மட்டிப்பழம் இரண்டு சீப்பு. பலாச்சக்கை வற்றல். குடை. தைலம். டார்ச். பாய்.

"பாய் எதுக்கு?"

"சாப்பிட்டா கொஞ்சம் கண்ணடையும்லே."

"அது வள்ளம் அத்தான், லாட்ஜ் இல்ல. பின்ன, மீன் பிடிக்கப் போறதுக்கு மீன்கறியா?"

"நீ பிளாஸ்டிக் மீனு கொண்டு வருக. நான் திங்கக்கூடியத கொண்டு வாறேன்."

லிஸ்டில் எழுதாத ஒன்றும் உண்டு. உரிக்காத, நன்றாகக் காய்ந்த இரண்டு தேங்காய். எங்கள் பக்கத்தில் குளத்தில் நீச்சல் படிக்கும் பிள்ளைகளுக்குத் தேங்காயைத்தான் ஜோடியாகக் கட்டிக் கொடுப்பார்கள். இரண்டு கக்கத்திலும் ஒவ்வொன்று. காய்ந்த தேங்காய் ஆளைத் தாழ விடாது. ஒரு கயிற்றில் இரண்டையும் கட்டி, பாய்க்குள் சுருட்டும்போது புஷ்பம் வந்துவிட்டாள்.

"தேங்கா எதுக்கு எடுக்கிய?"

"கிழங்குக்குத் தொட்டுக்கச் சம்மந்தி அரைக்க."

"வள்ளத்துலயா?"

"கரையில."

நான் கட்டிய முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "உம்" என்றாள். அடுக்களைக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஜெபின் இரண்டு மிதவைச் சட்டை எடுத்து வந்தான். ஆரஞ்சு நிறம், உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ, முன்னால் இழுத்து மாட்டுகிற மூன்று கொளுத்து. என் உயிர் திரும்பி வந்தது. வாங்கிப் போட்டேன். முதல் கொளுத்து மாட்டியது. இரண்டாவதற்கும் எனக்கும் நடுவில் வயிறு நின்றது. புஷ்பம் ஒரு பக்கம், ஜெபின் ஒரு பக்கம் நின்று இழுத்தார்கள். மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தேன். கொளுத்து விழுந்தது. மூச்சு விட்டேன். கொளுத்து தெறித்துப்போய்க் கோழியின் மேல் விழுந்தது.

"சவத்த விடுங்க அத்தான்" என்றான் ஜெபின். "உங்களுக்கு எதுக்கு இது? பொழிய நீந்தின ஆளு."

"அதான. எனக்கு எதுக்கு?" என்றேன். குரல் கொஞ்சம் மேலே போனது. ஜெபின் தன் சட்டையைப் போட்டான், கழற்றவில்லை. இரவு சோறு தின்னும்போதும் அதோடுதான் இருந்தான். மஸ்கட்டில் அப்படித்தான் பழகிக்கொள்ளச் சொல்வார்களாம்.

புதன்கிழமை ஜுரம் வந்தது. அதாவது நான் வரவழைத்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு முனகினேன். ஆனால் அன்று பார்த்துப் போதகர் பயண ஜெபத்துக்கு வீட்டுக்கு வந்துவிட்டார். வந்தவர், என் ஜுரத்துக்கும் சேர்த்துத் தலையில் கை வைத்து ஜெபித்தார். முடிந்ததும் புஷ்பம் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஜுரம் பறந்து போச்சு ஐயா!" என்றாள். போதகருக்கு ஒரே சந்தோஷம். நான் எழுந்து உட்கார்ந்து அவரோடு இலையப்பம் தின்றேன்.

வியாழக்கிழமை எடை போடுதல். கயாக்கின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆளும் சாமானும் சேர்த்து இவ்வளவுதான் தாங்கும் என்று கணக்கு. வீட்டுத் தராசில் சரிவராது என்று எல்லாவற்றையும் சந்தைக்குக் கொண்டுபோய், என் கடையில் குலை நிறுக்கும் தராசில் வைத்தோம். முதலில் ஜெபின் ஏறினான். பிறகு சாமான். பிறகு நான். தராசு ஒரு சத்தம் போட்டது. அது அதுவரை போடாத சத்தம்.

எதிர்க்கடை தங்கராஜ் எட்டிப் பார்த்தான். "தாசண்ணே, எத்தன ஏத்தன்குலை கூடுதல்?"

"அஞ்சு" என்றேன்.

"உம்ம எறக்கி வச்சிட்டா செரியாவும்."

என் மனசில் இருந்ததும் அதுதான்.

சாமானைக் குறைக்கத் தொடங்கினோம். பாய் போனது. குடை போனது. மட்டிப்பழத்தை அங்கேயே தின்று குறைத்தேன். என்னோடுதான் வரும், எடை மாறாது என்று ஜெபின் சொன்ன பிறகுதான் புரிந்தது. ரெஜினா அக்காவின் பாத்திரம் தவிர ஆறு பாத்திரமும் போயின. ஜெபின் ஒரு ராடைக் குறைத்தான். மீன்கறி வாளியில் அவன் கை வைக்கவில்லை. அக்காள் வைக்கும் கறியை மஸ்கட்டில் நினைத்து நினைத்து அழுதவன் அவன். கடைசியில் அவன் கை தேங்காயில் வந்து நின்றது.

"இது என்ன?"

"கிடக்கட்டும்லே. ரெண்டு தேங்காதானே."

"தேங்காப்பட்டணத்துக்கு இங்க இருந்து தேங்கா கொண்டு போறியளா?"

சந்தை முழுவதும் சிரித்தது. தங்கராஜ் கைதட்டினான். நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். பிறகு என் இரண்டு தேங்காயையும் என் கையாலேயே எடுத்துக் கடை மூலையில் வைத்தேன். இனி எனக்கும் கடலுக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். சாப்பாட்டைப் புஷ்பம் தண்ணீர் ஏறாத பையில் வைத்து, வாயைச் சுருட்டிக் கட்டித் தந்தாள். "பசிச்சா மட்டும் தொறங்க" என்றாள்.

கயாக்கில் கீறல் விழக்கூடாது என்று என் வெள்ளை வேட்டியைச் சுற்றி, ஒரு பிக்கப் வண்டியில் ஏற்றியிருந்தோம். ஜெபின் டிரைவரோடு முன்னால். நான் பின்னால், கயாக்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு. என் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வளைவில் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது வளைவில் ஒரு அம்மா சிலுவை போட்டாள். அப்போதுதான் வெள்ளைத் துணி சுற்றி நீளமாகக் கிடந்ததைத் திரும்பிப் பார்த்தேன்.

வண்டி ஒரு ஸ்பீட் பிரேக்கரில் மெதுவானபோது ஒருவர் ஜன்னலில் குனிந்து, "எங்க இருந்து மக்கா?" என்று ஜெபினிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மஸ்கட்ல இருந்து. கார்கோவில வந்தது" என்றான் அவன்.

"கஷ்டம். வயசு என்ன?"

"புதுசு" என்றான் ஜெபின். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

புதுக்கடைக்காரனுக்குத் தேங்காய்ப்பட்டணம் வெளிநாடுதான். எங்கள் ஊரில் காற்றில் சக்கைப்பழம் மணக்கும். அங்கே எல்லாவற்றிலும் மீன் மணக்கும், டீயிலும் மணந்தது. எங்களுக்கு ஆழம் என்றால் கிணறு. அங்கே ஆட்கள் ஆழத்தின் மேல் போய் வருவதையே வேலையாக வைத்திருக்கிறார்கள். கரையில் சூசை என்ற அண்ணன் வலையைக் கோத்துக்கொண்டிருந்தார். கயாக்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் நீந்தத் தெரியுமா ஓய்?"

"அத்தான் இந்தப் பொழிய நீந்திக் கடந்த ஆளு" என்றான் ஜெபின்.

சூசை அண்ணன் பொழியைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். "எப்பம்?"

"கல்யாணத்துக்கு முந்தி" என்றேன்.

"எந்த மாசம்?"

"ஏன்?"

"பொழி மண்ணு மூடிக் கிடக்கிற மாசமா இருந்தா எங்க ஆடுகூட அக்கரைக்குப் போவும்" என்றார். "கடல் பக்கம் போவாதீங்க. ஆத்துக்குள்ளேயே கிடங்க. நான் இங்கதான் இருப்பேன்."

இறங்கினோம். நான் முன்னால், ஜெபின் பின்னால். உண்மையைச் சொன்னால், முதல் ஒரு மணி நேரம் அழகாக இருந்தது. ஆறு எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. இரண்டு கரையிலும் தென்னை. மிஷின் கீச்கீச்சென்று கத்தி, கீழே மீன் நிற்கிறது என்றது. மீன் நின்றது, கடிக்கவில்லை. ஜெபின் மஸ்கட்டில் பிடித்த மீன்களின் நீளத்தைக் கையை விரித்துக் காட்டினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வள்ளம் ஆடும். ஒரு தூணைப்போல உட்கார்ந்து "கொள்ளாம் மக்கா, கொள்ளாம்" என்று மெச்சினேன்.

பயத்தில் எனக்குப் பசிக்கும். பையை மடியில் இழுத்துச் சுருளைப் பிரித்தேன். கறி வாளி இல்லை. கிழங்கு இல்லை. உள்ளே இரண்டு தேங்காய்.

கடை மூலையில் நான் வைத்த தேங்காய் இல்லை இவை. என் கயிறும் இல்லை. இரண்டு தேங்காயின் நாரையும் பாதி உரித்து இழுத்து, ஒன்றோடொன்று முறுக்கி முடிந்திருந்தது. குளத்துக் கரைப் பிள்ளைகள் முடிகிற முடிச்சு. பதினெட்டு வருஷமாகப் பொழியை அகலப்படுத்தும்போதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு முறைகூடச் சிரித்ததில்லை.

"கறிய எடுங்க அத்தான்" என்றான் ஜெபின்.

என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவன் ராடு வளைந்தது. "அத்தான்! பெருசு! பெருசு!" என்று கத்திக்கொண்டு எழுந்து நின்றான். நிற்கக்கூடாது என்று எனக்கு நாலு நாளாகப் பாடம் நடத்தியவன் அவன்தான். வானம் ஒரு பக்கமாகச் சரிந்தது. பிறகு எல்லாம் பச்சை நிறமாக இருந்தது.

மேலே வந்தபோது என் இரண்டு கக்கத்திலும் தேங்காய் இருந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். உடம்பு சில விஷயத்தை நம்மிடம் கேட்காமலே செய்யும். வள்ளம் கவிழ்ந்து தூரப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நொடி என் கழுத்தில் ஒரு ஆரஞ்சு மூட்டை வந்து விழுந்தது.

"அத்தான் நீந்துங்க! என்னையும் இழுத்துட்டு நீந்துங்க!"

"நீ நீந்துலே! கழுத்த விடு!"

"எனக்குத் தெரியாது அத்தான்!"

"குளத்துக்கரைக்காரனுக்குத் தெரியாதா?"

"நான் போர்டிங்ல இல்லியா கிடந்தேன்! நீங்க இருக்கிற தைரியத்துலதானே இந்த எளவ வாங்கினேன்!"

"எனக்கும் தெரியாதுலே!"

அவன் கை ஒரு நொடி தளர்ந்தது. தண்ணீர் வழிய என் முகத்தை உற்றுப் பார்த்தான். "அப்பம் அந்தப் பொழி?"

"பொய்!"

"தலையில குலை?"

"அதும் பொய்தான்! தேங்காயப் பிடிலே!"

ஒரு தேங்காயை அவன் பக்கம் தள்ளினேன். நடுவில் அந்த முடிச்சு. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவன். மிதவைச் சட்டை அவனைப் பிடித்துத்தான் இருந்தது, ஆனால் அவன் நம்பியது தேங்காயைத்தான். ஆறு எங்களைப் பைய கடல் பக்கம் கூட்டிக்கொண்டு போனது. அலைச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது நான் சபை ஆட்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி நினைத்தேன், எல்லாரும் ஜெபித்திருப்பார்களா என்று. ரெஜினா அக்காவின் பாத்திரம் எங்களுக்கு முன்னால் நிம்மதியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

சூசை அண்ணனின் வள்ளம் வந்தது. முதலில் எங்களை ஏற்றினார், பிறகு பாத்திரத்தை எடுத்தார். தேங்காயைக் கையில் வாங்கி முடிச்சை இழுத்துப் பார்த்தார். "வந்ததுல இது ஒண்ணுதான் சரியான சாமான்" என்றார். "ஆரு கெட்டினது?"

"வீட்டுல" என்றேன்.

கயாக் கிடைத்தது. ராடும் மிஷினும் கேமராவும் ஆற்றோடு போய்விட்டன. வீட்டுக்கு வந்தபோது புஷ்பம் வாசலில் நின்றாள். என் ஈரச் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டாள். "கறி சூடாக்கட்டா?" என்றாள். இரண்டு பேரும் தலையைக் குனிந்து கிழங்கும் சாளைக் கறியும் தின்றோம். அப்படி ஒரு ருசி அந்தக் கறிக்கு முன்பு இருந்ததில்லை. ஜெபின் மட்டும் ஒரு முறை என் காதில், "நீந்தத் தெரியாதுண்ணு வெளிய சொல்லாண்டாம் அத்தான். நீங்க என்னக் காப்பாத்தினதா இருக்கட்டும், நான் உங்களக் காப்பாத்தினதா இருக்கட்டும்" என்றான். யார் யாரைக் காப்பாற்றியது என்பதில் கொஞ்சம் தகராறு வந்து, பிறகு பேசித் தீர்த்தோம்.

மறுநாள் ஞாயிறு. ஜெபக்குறிப்பில் பேர் வந்தவன் திரும்பி வந்தால் நன்றி சொல்ல வேண்டும். போதகர் மைக்கை என் கையில் கொடுத்தார். அலை தென்னை உயரம் என்று தொடங்குவதாக ஏற்பாடு. வாயைத் திறந்தேன். பலிபீடத்துக்குக் கீழே காணிக்கைப் பொருள்கள் இருந்தன. ஒரு பூசணிக்காய், கொஞ்சம் முட்டை, ஒரு மட்டிக்குலை. அவற்றுக்கு நடுவில் நாரால் முடிந்த இரண்டு தேங்காய். பெண்கள் பக்கம் பார்த்தேன். புஷ்பம் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நீந்தத் தெரியாது" என்றேன்.

மைக்கில் அது மிகவும் சத்தமாகக் கேட்டது. "பொழிய நான் நீந்தல. எந்த வருஷமும் நீந்தல. நேத்து வள்ளம் கவிந்தப்பம், என்னத் தேங்கா காப்பாத்துச்சு. தேங்காய வச்சது என் பொஞ்சாதி. ஸ்தோத்திரம்."

ஆண்கள் பக்கமிருந்து தங்கராஜின் சிரிப்பு முதலில் வந்தது, அதன் பின்னால் சபையே வந்தது. போதகர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். புஷ்பம் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்குவது தெரிந்தது. ஜெபின் மட்டும் சிரிக்காமல், என்னை மன்னித்துவிட்ட மனுஷனைப்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். நான் அவன் பேரைச் சொல்லவில்லையே.

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை முற்றத்தில் ஏலம் விடுவது வழக்கம். ஏலம் விடுகிற கணக்கர் தேங்காயைத் தூக்கினார். "தனித்தனியா விட்டா கூடுதல் போவும்" என்று முடிச்சை அவிழ்க்கப் போனார்.

"அவுக்காதீங்க கணக்கரே!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பத்தின் குரல் வந்தது. "ஒண்ணு இவியளுக்கு வச்சது. மத்தது என் தம்பிக்கு. சேத்துக் கெட்டலேண்ணா ரெண்டும் ரெண்டு திக்கில போயிருக்கும்."

எல்லாத் தலையும் ஜெபின் பக்கம் திரும்பியது. அவன் காது இரண்டும் மிதவைச் சட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"ஜோடியாவே விடுறேன். ஆரு கேக்கிய?" என்றார் கணக்கர்.

முதலில் தூக்கிய கை ஜெபினுடையது.